கோட்டைக்கு எத்தனை டி?

எங்கள் வீட்டில் எந்தக் காரியத்தையும் ஒருவர் தனியாகச் செய்து கெடுக்க மாட்டார். எல்லோரும் கூடித்தான் கெடுப்போம். வைஃபை பெட்டி வந்தபோதும் அப்படித்தான் ஆனது. நான் அப்போது ஆறாவது முடித்து முழுப் பரீட்சை லீவில் இருந்தேன். எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று நம்பிக்கொண்டிருந்த வயது.

செஞ்சியில் எங்கள் வீடு மலையை ஒட்டிய தெருவில் இருந்தது. கோட்டை பார்க்க வருகிறவர்களுக்கு அது அழகான மலை. எங்களுக்கு அது டவரை மறைக்கிற மலை. போனில் நாலு வார்த்தை பேசக்கூட மொட்டை மாடிக்கு ஏறி, தண்ணீர் டேங்க் பக்கத்தில் ஒரு குறிப்பிட்ட மூலையில் நிற்க வேண்டும். வீடியோ என்றால் அங்கேயும் கதை நடக்காது. எதிராளி வாயைத் திறந்தபடி அப்படியே நின்றுவிடுவார்.

இத்தனை வருஷம் அந்த மூலையோடு காலம் தள்ளிய எங்கள் அப்பா, நைனா, திடீரென்று வைஃபைக்குச் சம்மதித்தார் என்றால் அதற்குக் காரணம் அக்காவின் கல்யாணம். அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, ஒரு வரன் கொண்டுவந்திருந்தார். மாப்பிள்ளைக்குக் குவைத்தில் வேலை. பெண்ணை வீடியோவில் பார்த்துப் பேசிப் பிடித்துவிட்டால் ஆவணியில் லீவு போட்டு வந்து தாலி கட்டிவிடுவார். அக்கா அப்போதுதான் பி.எஸ்சி. கணக்கு முடித்திருந்தாள். சென்னையில் ஹாஸ்டலில் தங்கி எம்.எஸ்சி. படிக்கிறேன் என்று நைனாவிடம் கேட்டாள். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. மறுபடி கேட்டபோது, “கல்யாணம் பண்ணிக்கினு அங்க போய்ப் படி” என்றார். அதோடு அவள் பேச்சை விட்டுவிட்டாள். சரி, அந்த விஷயம் முடிந்தது என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

நைனா கடைவீதியில் எரிந்துபோன மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர். கரண்டில் ஓடும் எதுவும் தனக்குக் கட்டுப்பட்டது என்பது அவர் எண்ணம். கேபிள்காரர் வந்து பெட்டியைச் சுவரில் மாட்டிவிட்டுப் போனதும், பல்லி ஏறும், திருடன் எடுப்பான் என்று சொல்லி அதைக் கழற்றி, பீரோவின் முதுகில் ஓட்டை போட்டு ஒயரை நுழைத்து, உள்ளே வைத்துப் பூட்டிவிட்டார். அதன் பிறகு பீரோ கதவைத் திறந்தால்தான் நெட் வந்தது. இரும்புக்குள் வைத்தால் எப்படி வரும் என்று கேபிள்காரர் தலையில் அடித்துக்கொண்டு மறுநாள் பழையபடி சுவரில் மாட்டினார்.

பாஸ்வேர்டு என்ன வைக்கலாம் என்று அவர் கேட்டதற்கு நைனா யோசிக்கவே இல்லை. “நம்ம ஊருல கோட்டை இருக்கும்போது வேற இன்னா? செஞ்சிக்கோட்டைன்னு வை” என்றார். இங்கிலீஷில் அதை எப்படி எழுதுவது என்ற கேள்வி வந்ததும் கேபிள்காரர் போனை மெதுவாக அக்காவிடம் தள்ளினார். அவள்தான் அடித்தாள். வீட்டிலிருந்த எல்லா போனிலும் அவளே அடித்துக் கொடுத்தாள். பின்னால் மாற்ற வேண்டுமென்றால் எப்படி என்றும் அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாள். படித்த பெண் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று மாமா பூரித்துப் போனார்.

குறித்த வெள்ளிக்கிழமை வந்தது. மாப்பிள்ளைக்கு அன்றுதான் விடுமுறை. பதினோரு மணிக்குப் பேசுவதாக ஏற்பாடு. அம்மா காலையிலேயே கேசரி கிளறி, வாழைக்காய் பஜ்ஜி போட்டுவிட்டாள். குவைத்தில் இருக்கிறவர் எப்படிச் சாப்பிடுவார் என்று நான் கேட்டதற்கு, “தட்ட காட்டவாவது வேணாமா?” என்று சிடுசிடுத்தாள். அக்கா மாம்பழ நிறப் பட்டில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பத்தேமுக்காலுக்கு மாமா தன் போனை எடுத்தார். பாஸ்வேர்டு தவறு என்றது. நைனா போனும் அதையே சொன்னது. அம்மா போனும் அதையே சொன்னது. என் போன்லயும் வரல என்று அக்காவும் சொல்லிவிட்டாள்.

அடுத்த ஒன்றரை மணி நேரத்தை இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நைனா டெஸ்டரை எடுத்து வந்து பிளக்கில் கரண்ட் வருகிறதா என்று பார்த்தார். பெட்டியில் நாலு விளக்கு கண்ணெதிரே எரிந்துகொண்டிருக்கிறது, இவர் கரண்ட் பார்க்கிறார்! மாமா மொட்டை மாடிக்கு ஓடிக் கேபிள்காரரைப் பிடித்தார். ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க என்று பதில் வந்தது. ஏழு தடவை பண்ணினோம். மறுபடி ஓடியதற்கு, “பாஸ்வேர்ட ஒழுங்கா அடிங்கண்ணா” என்று அவர் வைத்துவிட்டார்.

அங்கேதான் பிடித்தது சனி. செஞ்சிக்கு ‘எஸ்’ஸா, ‘சி’யா? மாமா எஸ் என்றார். வெள்ளைக்காரன் ‘ஜி’யில்தான் எழுதினான் என்றார் நைனா. கோட்டைக்கு எத்தனை ‘டி’, எத்தனை ‘கே’ என்பதில் இருவருக்கும் கைகலப்பு வராத குறை. நீதானே அடித்தாய், நீயே சொல் என்று அக்காவிடம் திரும்பினால், “ஒரு வாட்டி அடிச்சா போன்லயே நிக்குது நைனா. யாரு ஞாபகம் வெச்சிக்கிறாங்க?” என்றாள்.

கடைசியில் நைனா என்னை சைக்கிளில் பஸ் ஸ்டாண்டுக்கு அனுப்பினார். சர்க்கார் எப்படி எழுதியிருக்கிறதோ அப்படித்தான் சரி, போர்டைப் பார்த்து எழுதி வா என்றார். மே மாத வெயிலில் நோட்டும் பென்சிலுமாகப் போனேன். ஒரு பஸ்ஸில் GINGEE என்று இருந்தது. பக்கத்தில் நின்ற பஸ்ஸில் SENJI. எதிரே ஸ்வீட் கடையில் JINJI. ஜெராக்ஸ் கடையில் CHENJI. ஒரே ஊரில் நின்றுகொண்டு நாலு ஊரை எழுதிக்கொண்டு திரும்பினேன். நோட்டைப் பார்த்த நைனா என்னையே முறைத்தார், நான்தான் எல்லா போர்டையும் எழுதி மாட்டியதைப் போல.

மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. மாடியிலிருந்து இறங்கி வந்த மாமாவின் சட்டை முழுக்க வியர்வை. “ஒரு மணி வரைக்கும்தான் பாப்பாங்களாம். அதுக்கு மேல வேற பொண்ணு வூட்டுல பேசறாங்களாம்” என்றார். அம்மா அழவே ஆரம்பித்துவிட்டாள். வீடியோ விட்டு விட்டு வந்தாலும் பரவாயில்லை, பெண்ணை மாடிக்குக் கூட்டிப் போகலாமா என்று மாமா கேட்க, தெருவே வேடிக்கை பார்க்கும் என்று நைனா கத்தினார்.

நான் போய் அக்கா காலடியில் உட்கார்ந்தேன். அவள் மடியில் முந்தானைக்கு அடியில் இருந்த போன் லேசாக அதிர்ந்தது. முந்தானை விலகித் திரை தெரிந்தது. மேலே மூலையில், விசிறி மாதிரியான அந்த அடையாளம் முழுசாக நின்றது. “நைனா! அக்கா போன்ல வைஃபை இருக்குது!” என்றேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள். நகம் பதிய அழுத்தினாள். வலித்தது, அந்தக் கோபத்தில் இன்னும் சத்தமாகக் கத்தினேன்.

இப்பதான் வந்தது என்று அவள் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. மாமா போனைப் பிடுங்கினார். ஐந்து நிமிஷத்தில் மாப்பிள்ளை திரையில் வந்துவிட்டார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். சாப்பிட்டீர்களா என்று கேட்டார், அக்கா தலையாட்டினாள். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு கேசரித் தட்டைக் காட்டினாள். பத்து நிமிஷம்தான் பேச்சு. சாயங்காலமே அவர்கள் வீட்டிலிருந்து சரி என்று சேதி வந்தது. நைனா என் தலையைத் தடவி, புள்ளைக்குக் கண்ணு கூர்மை என்றார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அப்புறம்தான் நைனாவுக்கு நினைவு வந்தது. “அப்ப பாஸ்வேர்டு இன்னாமா?”

“வேண்டாம் வேண்டாம்” என்றாள் அக்கா.

“இன்னா வேண்டாம்? கேட்டா சொல்ல மாட்டியா?”

“அதான் நைனா பாஸ்வேர்டு. நேத்துதான் மாத்தனேன்.”

வீடே சிரித்தது. முதலில் சிரித்தவள் நான். எதற்காக மாற்றினாய் என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. வரன் முடிந்த சந்தோஷம். ஒரு தடவை வைத்தால் போதாதா என்று மட்டும் மாமா கேட்டார். “ஒரு வாட்டி சொன்னா எடுத்துக்கல மாமா. எட்டு எழுத்தாவது வேணுமாம்” என்றாள். நைனா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டு அடித்தார். அக்கா இரண்டு வேண்டாமையும் நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். அவர் போன் சேர்ந்துகொண்டது. அம்மா போனை நீட்டினாள். அதற்கும் சொன்னாள்.

ஆவணியில் நலங்கு வைத்த அன்று வீடு நிறையச் சொந்தக்காரர்கள். வந்தவர்கள் எல்லோருக்கும் வைஃபை வேண்டும். பாஸ்வேர்டு சொல்கிற வேலையை நானாகவே எடுத்துக்கொண்டேன். கூடத்துக்கும் வாசலுக்குமாக ஓடி, கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும், “வேண்டாம் வேண்டாம்!” என்று கத்திக்கொண்டிருந்தேன். மணையில் மஞ்சள் பூசிய முகத்தோடு உட்கார்ந்திருந்த அக்கா நிமிர்ந்து என்னையே பார்த்தாள். அவளுக்கும் மறந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்து, அவளைப் பார்த்து இன்னொரு தடவை உரக்கச் சொன்னேன்.