இரட்டை நூலால் தைத்த மரம்

நான் மேடையில் வாய் திறந்து பேசிய ஒரே நாடகத்தில் எனக்கு மரம் வேடம். மரம் என்றதும் சிரிக்க வேண்டாம். அந்த நாடகத்தில் மரம்தான் எல்லாம். விவசாயி வருவார், போவார். ஆடுகள் வரும், மேயும். காற்று ஊளையிட்டுக்கொண்டு ஓடி மறையும். மரம் மட்டும் தொடக்கத்திலிருந்து முடிவுவரை நடுமேடையில் நிற்கும். அதற்கு ஒரு வசனமும் உண்டு. ஜெர்மனியில் பான் நகரத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த நாள் முதலாய் முகில், இன்னொரு முகில், கதவு திறந்துவிடுகிறவள் என்று ஊமை வேடங்களிலேயே காலம் தள்ளியவளுக்கு வசனம் கிடைப்பதென்றால் சும்மாவா? வீட்டுக்கு ஓடிப் போனேன், பாதி வழியில் தொப்பியைத் தொலைத்தது கூடத் தெரியாமல்.

மரம் வந்த கதையைச் சொல்ல வேண்டும். எங்கள் வகுப்பில் ஒரு பையனின் குடும்பம் ஆப்பிரிக்காவில் நைஜர் என்ற நாட்டிலிருந்து வந்தது. அவனுடைய அப்பா பானில் மரங்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவர். ஒரு நாள் அவர் வகுப்புக்கு வந்து சுவரில் படங்கள் காட்டினார். முதல் படத்தில் மணல், மணல், மணல். அந்த ஊரில் ஒரு காலத்தில் வயலில் மரம் நின்றால் பயிருக்குக் கூடாது என்று எல்லாவற்றையும் வெட்டிவிட்டார்களாம். பிறகு காற்று வந்து விதைத்ததையெல்லாம் மணலால் மூடிவிட்டதாம். ஆனால் வெட்டிய அடிக்கட்டைகளின் வேர் சாகவில்லை. வருடந்தோறும் அவை துளிர்விட, இவர்கள் வருடந்தோறும் வெட்டி எறிந்திருக்கிறார்கள். அந்தத் துளிர்களில் நல்லதாக நாலைந்தை வெட்டாமல் விட்டுப் பார்த்தபோதுதான் கம்புப் பயிரும் மரமும் ஒரே வயலில் கூடி வாழும் என்று கண்டுகொண்டார்களாம்.

கடைசிப் படத்தைப் பார்த்துத்தான் நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். வயல் முழுக்கப் பச்சைப்பசேலென்று கம்பு நிற்கிறது. அதன் நடுவில் ஒரு பெரிய மரம், ஒரு இலைகூட இல்லாமல், மொட்டையாக. காவோ என்று அதைச் சொல்வார்களாம். ஊரெல்லாம் காய்ந்து கருகும் மாதங்களில் அது இலை விட்டு ஆடுகளுக்கு நிழல் கொடுக்கும். மழை வந்து மற்றதெல்லாம் துளிர்க்கும்போது தன் இலையைக் கொட்டிவிட்டு நிற்கும். உலகத்துக்கு எதிர்மாறான மரம். கோடை விழாவுக்கு இதைத்தான் நாடகமாகப் போடுகிறோம் என்று எங்கள் ஆசிரியை அங்கேயே அறிவித்துவிட்டார்.

எனக்கு இந்த நாடகம் வேறு ஒரு காரணத்துக்காகவும் முக்கியமாயிருந்தது. விழா முடிந்து இரண்டு கிழமையில் கிளாஸன்ஃபார்ட். முழு வகுப்பும் ஐஃபெல் மலைப்பக்கம் போய் விடுதியில் தங்கி, இரவு நெருப்பு மூட்டி, அடுக்குக் கட்டிலில் படுத்துக் கதைத்து வருகிற பயணம். வகுப்பில் எல்லாரும் போகிறார்கள். நான் கேட்டபோது அம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தார். தலை நிமிராமலே, "ஏலாது" என்றார். பொம்பிளைப் பிள்ளை வெளியில் படுக்கிறதோ என்பது அவருடைய சட்டம். அதற்கு மேல்முறையீடு கிடையாது. அப்பாவிடம் போனால் அம்மாவைக் கேள் என்பார். ஆகவே நான் ஒரு கணக்குப் போட்டேன். நாடகத்தில் வெளுத்து வாங்க வேண்டும். சனம் கைதட்ட வேண்டும். அம்மாவின் மனம் குளிர்ந்திருக்கும் அந்த நேரம் பார்த்து இன்னொரு தரம் கேட்க வேண்டும்.

உடுப்புத் தைக்கும் வேலை அந்தந்த வீட்டுக்கு. மண்ணிறக் காற்சட்டையும் மண்ணிற மேற்சட்டையும் அடிமரம். அதன்மேல் துணி இலைகளை ஒரே கயிற்றில் லேசாகக் கோத்து விட வேண்டும். மழை வந்ததும் நான் இடுப்பில் கயிற்றை இழுப்பேன், எல்லா இலையும் பொலபொலவென்று கீழே கொட்டும். இதை அம்மாவுக்குத் தமிழில் விளக்கியபோது அவர் முகம் போன போக்கை இன்றைக்கும் மறக்க முடியாது.

"மேடையிலை நிண்டு உடுப்பைக் கழட்டச் சொல்லுறாவோ உன்ரை ரீச்சர்?"

"உடுப்பில்லை அம்மா, இலை."

"இலையெண்டாலும் துணியெல்லோ! அதோடை, மழைக்கு இலை கொட்டுற மரத்தை ஆர் கண்டது? நீ டொச் பாஷையைப் பிழையா விளங்கிக்கொண்டு வந்திருக்கிறாய்."

அம்மாவின் பயத்துக்கும் காரணம் இருந்தது. அதற்கு முதல் வருடம் கொலோனில் நடந்த வாணி விழாவில் நான் நடனம் ஆடியபோது இடுப்புக் கொசுவம் அவிழ்ந்துவிட்டது. நான் ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் மயில் காட்டினேன். அதைப் பற்றி அன்ரிமார் அடுத்த தைப்பொங்கல்வரைக்கும் கதைத்தார்கள். மாமா தலையிட்டுப் பார்த்தார். அம்மாவின் தம்பி, எங்களோடு இருந்தவர், இத்தாலியன் உணவகம் ஒன்றில் சமையல். "அக்கா, விடுங்கோ, பள்ளிக்கூடத்து நாடகம்தானே" என்றார். அம்மா பார்த்த பார்வையில் எழும்பிக் குளிக்கப் போய்விட்டார்.

ஆனால் துணி கொண்டுவந்தது மாமாதான். அவருடைய முதலாளி உணவகத்தின் பச்சைத் திரைச்சீலைகளை மாற்றியிருந்தார். எத்தனை தரம் தோய்த்தும் அவற்றிலிருந்து உள்ளிப்பூண்டு வாசம் போகவில்லை. அம்மா ஒரு கிழமையாக வெட்டினார், தைத்தார். மாமர இலை போல நீட்டு இலைகள், ஒவ்வொன்றுக்கும் நடு நரம்பு, ஓரத்தில் தையல். அப்படியொரு அழகு. கயிறும் இடுப்பில் தொங்கியது. இழுத்துப் பார்க்கட்டோ என்று கேட்டேன். "இப்ப இழுத்தால் பிறகு ஆர் கோக்கிறது? அண்டைக்கு இழு" என்றார். அந்தக் கயிறு எங்கே போய் முடிகிறது என்று பார்க்க வேண்டும் என்ற புத்தி எனக்கு வரவில்லை. பள்ளியில் நாங்கள் கடதாசி இலை வைத்துத்தான் பழகியிருந்தோம்.

விழா நாள் வந்தது. மாமா தன் நண்பரிடம் வீடியோ கமெரா இரவல் வாங்கி வந்திருந்தார். அவர் வாய் சும்மா இருக்குமா? மருமகள்தான் கதாநாயகி என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். கெல்சென்கிர்ச்சனிலிருந்து சித்தி குடும்பம் ஒரு சட்டி பொரித்த றோல்ஸோடு வந்து இறங்கியது. அம்மா மாம்பழ மஞ்சளில் பட்டுச் சேலை உடுத்து, மூன்றாம் வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அரைக் காற்சட்டையும் பனியனுமாக இருந்த சனத்துக்குள் அவர் மட்டும் கலியாண வீட்டுக்கு வந்தவர் போல இருந்தார்.

முதல் பாதி பிரமாதம். நான் கைகளை விரித்து நின்றேன். ஆடுகள் என் நிழலில் படுத்தன. ஒரு ஆடு மட்டும், "இந்த மரம் பீட்சா மணக்குது" என்று சத்தமாகச் சொல்லிவிட்டது. பிறகு முதலாம் வகுப்புச் சின்னன்கள் கம்புப் பயிராக வந்து என் காலடியில் தலை குனிந்து குந்தினார்கள். தகரப் பேணியில் அரிசியைப் போட்டுக் குலுக்க, மழை வந்தது. நான் கயிற்றை இழுத்தேன்.

ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு தரம் இழுத்தேன். கயிறு கையோடு வந்துவிட்டது. இலைகள் அசையவில்லை. குலுங்கினேன், குதித்தேன். உதறிப் பார்த்தேன். ஒன்றாவது விழ வேண்டுமே! அம்மா ஒவ்வொரு இலையையும் சட்டையோடு சேர்த்து இரட்டை நூலால் இறுக்கித் தைத்திருந்தார். பூகம்பம் வந்தாலும் நான் பச்சையாகத்தான் நிற்பேன். வேறு வழியில்லாமல் வசனத்தைச் சொன்னேன்: "மழை வந்துவிட்டது. எனக்கு இனி இலை வேண்டாம். நீங்கள் வளருங்கள்!" மரத்தில் அவ்வளவு இலையையும் வைத்துக்கொண்டு இப்படிச் சொன்னால் ஆர் நம்புவார்? சனம் சிரித்தது. கம்புப் பயிர் எழும்பவில்லை. இலை தலையில் விழுந்த பிறகுதான் எழும்ப வேண்டும் என்று ஆசிரியை அவர்களுக்குச் சொல்லியிருந்தார். நல்ல பிள்ளைகள், சொன்ன சொல் தப்பாமல் குனிந்தே இருந்தார்கள். மழை பெய்துகொண்டே இருந்தது. ஓரத்தில் இருந்த கடைக்குட்டி விம்மத் தொடங்கினாள். ஐஃபெல் மலையும் அடுக்குக் கட்டிலும் நெருப்பும் என் கண்ணுக்கு முன்னால் கரைந்து போயின. எனக்கும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அப்போதுதான் மூன்றாம் வரிசையில் பட்டுச் சேலை எழும்பியது. அம்மா ஆட்களின் காலைத் தாண்டி, படி ஏறி, நேரே மேடைக்கு வந்தார். "ஆடாமல் நில்" என்றார். என் தோளில் இருந்த இலையைப் பிடித்து நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். கடைக்குட்டியின் தலையில் அதைப் போட்டார். அவள் அழுகையை நிறுத்தி அண்ணாந்து பார்த்தாள். அம்மா அடுத்த இலைக்குப் போனார். நூல் அறுவதாக இல்லை. "என்ன கோதாரிக்கு இப்பிடித் தைச்சனான்!" என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டு கடித்தார், இழுத்தார், பிய்த்தார். இலைகள் ஒவ்வொன்றாகப் பறந்தன. தலையில் இலை விழ விழ ஒவ்வொரு பயிராக எழும்பியது. எழும்பிய பயிர்கள் துள்ளின. இதுவும் நாடகம்தான் என்று நினைத்த சனம் எழும்பி நின்று கைதட்டியது. மாமா கமெராவோடு நாற்காலியில் ஏறி நின்று, "விடாதேங்கோ அக்கா!" என்று கத்தியது கசெற்றில் அப்படியே இருக்கிறது. கடைசி இலையும் போய் மண்ணிறக் குச்சியாக நான் நின்றபோது எனக்கு வந்த சந்தோசத்தை எப்படிச் சொல்ல! வசனத்தை இன்னொரு தரம், தொண்டை கிழியச் சொன்னேன்.

நாடகம் முடிந்து றோல்ஸ் பங்கிடும் இடத்துக்கு நைஜர் நாட்டுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார், அவ்வளவு சிரித்திருந்தார். தங்கள் ஊரில் அந்த மரம் தானாகவே கொட்டும், இங்கேதான் அதற்கு ஒரு அம்மா வேண்டியிருக்கிறது என்று டொச்சில் சொன்னார். நான் மொழிபெயர்த்தேன். அம்மா வெட்கப்பட்டார்.

"அப்ப மெய்தானோ? மழைக்கோ கொட்டும்? ஏனெண்டு கேள்."

கேட்டேன். அவர் சொன்னதைத் தமிழில் சொன்னேன். "கீழை நிக்கிற பயிர் வளர வெளிச்சம் வேணுமாம் அம்மா. மரம் தன்ரை பச்சையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டால் அதுகள் வளராதாம்."

தலையில் இலையோடு முற்றத்தில் ஓடித் திரிந்த சின்னன்களையே அம்மா பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய கையில் இருந்த றோல் ஆறிப் போனது.

வீட்டுக்குப் போகும் வழியில், நான் வாய் திறக்க முன்னமே, காரின் முன் சீற்றிலிருந்து திரும்பாமல் கேட்டார்: "உந்த ஐஃபெல் பயணம் எப்ப? போயிட்டு வா. குளிர்ச்சட்டை ரெண்டு கொண்டு போகவேணும்."

நான் கத்திய கத்தில் மாமா பிரேக் போட்டுவிட்டார். என்னுடைய நடிப்புக்குக் கிடைத்த பரிசு அது என்றுதான் நெடுங்காலம் நம்பிக்கொண்டிருந்தேன். வசனத்தை இரண்டு தரம் சொன்னேனே!

பயணம் போன அன்று பேருந்து வெளிக்கிடும்வரை அம்மா பள்ளி வாசலிலேயே நின்றார். நான் யன்னல் சீற்றுக்குச் சண்டை பிடித்துக்கொண்டிருந்ததில் சரியாகக் கைகூடக் காட்டவில்லை. இரவு விடுதியில் பையைத் திறந்தால், குளிர்ச்சட்டையின் கழுத்தில், துவாயின் ஓரத்தில், காலுறைகளில்கூட என் பெயர் எழுதிய துணித் துண்டுகள். எல்லாம் இரட்டை நூல். பிய்த்துப் பார்த்தேன், அசையவில்லை. தோழிகளுக்குக் காட்டி விழுந்து விழுந்து சிரித்தேன். நாலு சட்டைக்கும் ஒரு துவாய்க்கும் போய் அம்மா ஏன் இவ்வளவு இறுக்கித் தைத்திருக்கிறார், அப்படி என்னதான் தொலைந்துவிடப் போகிறது என்று அன்றைக்கு எனக்கு விளங்கவே இல்லை.