நாய்க்கென்று கேட்ட மீன்தலை

சாமான் விலையெல்லாம் தாறுமாறாக ஏறிய வருஷம் அது. ஹட்டனில் நான் வேலை பார்த்த துணிக்கடையை மூடிவிட்டார்கள். டிக்கோயாவுக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் லயத்து வீட்டில், என் வீட்டுக்காரி கொழுந்து பறித்துக் கொண்டுவந்த சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் கினிகத்தேனையிலிருந்து ஒருவர் மோட்டார் சைக்கிளில் மீன்பெட்டி கட்டிக்கொண்டு வருவார். ஹோர்ன் சத்தம் கேட்டதும் லயத்துச் சனம் ரோட்டுக்கு இறங்கும். மகள் மீன் கேட்டு அழுத ஒரு வாரம் நானும் இறங்கினேன். சுற்றிலும் தெரிந்தவர்கள். வெட்டி ஒதுக்கியிருந்த பலயா மீன் தலைகளைக் காட்டி, "அண்ணே, அந்தத் தலையெல்லாம் குடுக்கிறீங்களா? நாய்க்கு" என்றேன். அந்தக் கடைசிச் சொல் எப்படி வாயில் வந்ததோ தெரியவில்லை. எங்களிடம் நாய் கிடையாது.

காசு வாங்காமல் ஒரு பையில் போட்டுக் கொடுத்தார். புளி கரைத்துக் குழம்பு வைத்தோம். மகள் விரலைச் சூப்பிச் சூப்பிச் சாப்பிட்டாள். அதற்குப் பிறகு வாராவாரம் போனேன்.

ஒருநாள் பையை நீட்டிக்கொண்டே அவர் கேட்டார்.

"மீனு தின்னு நாய்க்கு ஒன்னும் செய்யலையே?"

"இல்லங்க. நல்லா திங்குது."

"பச்சையா போட்டுறாதீங்க. எங்க வீட்டு நாய்க்கு முள்ளு தொண்டையில மாட்டி செத்துப்போச்சு. அவிச்சு, முள்ளு பூரா எடுத்துட்டுக் குடுங்க. உப்பு, மொளகாத்தூளு சேக்காதீங்க."

அவர் அக்கறையாகச் சொல்லச் சொல்ல எனக்கு உடம்பெல்லாம் கூசியது. பக்கத்தில் அடுத்த வீட்டு அக்கா நின்றிருந்தார். எங்கள் வீட்டில் இருமினால்கூட அவருக்குக் கேட்கும். உண்மையைப் போட்டு உடைத்துவிடுவாரோ என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"அது சமத்து நாய்ங்க" என்றார் அக்கா. "கொரைக்கவே கொரைக்காது."

திரும்பி ஏறும்போது மழையைப் பற்றியும் தேங்காய் விலையைப் பற்றியும் பேசிக்கொண்டு வந்தார். என்னைக் கேலி செய்திருந்தால் தேவலை என்றிருந்தது.

அடுத்த ஞாயிறு நான் ரோட்டுப் பக்கம் போவதாக இல்லை. அக்கா வாசலில் வந்து, "வாங்க தம்பி, போயிட்டு வந்துருவோம்" என்று கூப்பிட்டார். பெட்டியருகே போனதும் என்னை முந்திக்கொண்டு, "எங்க நாய்க்கும் சேத்துப் போடுங்க" என்றார். அவர் வீட்டிலும் நாய் கிடையாது.

மீன்காரர் எங்கள் இருவரையும் பார்த்தார். ஒரு முழு மீனை எடுத்து, வழக்கமாக வெட்டும் இடத்தைவிட்டு நன்றாகத் தள்ளிக் கத்தியை வைத்தார். தலையோடு நிறையச் சதையும் வந்தது. இன்னொரு மீனையும் அப்படியே வெட்டி, ஆளுக்கொரு பையில் போட்டார்.

அவருக்கு எப்போதிலிருந்து தெரியும் என்று நினைக்கவே கூச்சமாக இருந்தது. அவர் முகத்தைப் பார்க்காமல் பையை வாங்கிக்கொண்டு மேலே ஏறினேன்.

இப்போது வேறொரு கடையில் வேலைக்குப் போகிறேன். ஞாயிற்றுக்கிழமை ஹோர்ன் கேட்டால் வீட்டுக்காரியைத்தான் அனுப்புகிறேன். அவள் காசு கொடுத்து மீன் வாங்கி வருகிறாள். நான் கதவுக்கு உள்ளேயே நின்றுகொள்கிறேன்.