அதுக்குக் கீழ என்ன தட்டுப்படுது?

போன வெள்ளிக்கிழமை காலையில் பள்ளி மைதானத்தில் விளையாட்டு விழாவுக்காகச் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். வாசுதேவநல்லூரில் எங்கள் பள்ளி ராஜபாளையம் சாலையை ஒட்டியே இருக்கிறது. சங்கரன்கோவிலிலிருந்து வந்த பஸ் ஒன்று நிறுத்தமில்லாத இடத்தில் நின்றது. கண்டக்டர் முருகையா இறங்கி வேலியோரம் வந்தார். ஒரு காலத்தில் கபடியில் பாடிப் போனால் ஆளைத் தொடாமல் திரும்பாதவர்.

"டீச்சர், அண்ணாச்சி போயிட்டாவ" என்றார்.

எங்கள் பக்கத்தில் வீதிக்கு நாலு அண்ணாச்சி உண்டு. ஆனாலும் எந்த அண்ணாச்சி என்று நான் கேட்கவில்லை. முருகையாவின் வலது கை அவருடைய இடது தோள்பட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தது. அந்தத் தோள்பட்டையைச் சரிசெய்து கொடுத்தவர் தேவசகாயம் அண்ணாச்சி. பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் ஒருவரும் சத்தம் போடவில்லை. டிரைவரும் ஹாரன் அடிக்கவில்லை. அந்த டிரைவரின் முதுகும் அண்ணாச்சியின் கைக்குப் பழக்கப்பட்டதுதான். கையிலிருந்த சுண்ணாம்புப் பொடியோடு கண்ணைத் துடைத்துவிட்டு, எரிச்சல் தாங்காமல் பைப்படிக்கு ஓடினேன். அண்ணாச்சி பார்த்திருந்தால் நன்றாகச் சிரித்திருப்பார்.

இதைப் படிப்பவர்களில் பாதிப் பேருக்கு அவர் 'முதுகு அண்ணாச்சி'. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ராணுவ ஆஸ்பத்திரியில், அடிபட்ட சிப்பாய்களை மறுபடி நடக்கவைக்கும் பிரிவில் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்று வந்து, சங்கரன்கோவிலில் ரயில் நிலையம் போகும் வழியில் ஓர் அறை எடுத்தார். 'முதுகு, மூட்டு, விளையாட்டில் படும் காயங்கள்' என்று பலகை மாட்டினார். கபடி ஆடுகிறவர்கள், வாலிபால் ஆடுகிறவர்கள், தறியில் உட்கார்ந்து முதுகு பிடித்துக்கொண்டவர்கள் எல்லாரும் அங்கே பெஞ்சில்தான் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். யார் போனாலும் முதலில் தொட மாட்டார். "நட, பாப்போம்" என்பார். அறையின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு நடந்து காட்ட வேண்டும். வலி முழங்காலில் என்று வந்தவனை இடுப்பில் அழுத்திச் சரிசெய்து அனுப்புவார்.

முதுகெலும்பை அழுத்திச் சரிசெய்யும்போது சில சமயம் 'சடக்' என்று ஒரு சத்தம் வரும். நம் ஆட்களுக்கு அந்தச் சத்தம்தான் வைத்தியம். சத்தம் வராவிட்டால் படுத்த பெஞ்சை விட்டு எழுந்திருக்க மாட்டார்கள். ஒருமுறை தறிக்காரர் ஒருவர், வலி போன பிறகும் குப்புறப் படுத்தபடியே, "அண்ணாச்சி, இன்னும் சத்தம் வரலையே" என்று குறைப்பட்டுக்கொண்டார். "சத்தம் வேணும்னா ஆடித்தபசுக்கு வாரும்வே, வேட்டு போடுவாங்க. இங்கன முதுகு மட்டுந்தான் பாக்கது" என்று சொல்லி அவரை எழுப்பிவிட்டார். அந்த மனிதர் சந்தேகத்தோடேயே வீட்டுக்குப் போனார். மறுநாள் தறிக்கும் போனார்.

வருடத்துக்கு ஒருமுறை அறையைப் பூட்டிவிட்டு மதுரைக்குப் போய்விடுவார். அங்கே இந்த வைத்தியம் படிக்கும் பையன்களோடு பெஞ்சில் உட்கார்ந்து பாடம் கேட்பார். தலை நரைத்த பிறகும் இது நிற்கவில்லை. இந்த வயதில் என்ன படிப்பு என்று கேட்டவர்களுக்கு ஒரே பதில்தான். "ஒடம்பு நேத்து இருந்த மாதிரி இன்னைக்கு இல்ல. அதத் தொடுத கை மட்டும் அப்படியே இருக்கலாமா?"

படித்துவிட்டுச் சும்மா இருந்தாலும் பரவாயில்லை. திரும்பி வந்ததும், பழைய முறையில் யார் யாருக்கெல்லாம் பார்த்தாரோ அவர்களைத் தேடிக்கொண்டு கிளம்பிவிடுவார். எத்தனையோ பேருக்குப் புது வீக்கத்தில் சுடச்சுட எண்ணெய் தேய்த்து நீவிவிட்டவர் அவர். அது கூடாது, முதலில் குளிர்ச்சிதான் கொடுக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு வந்த அன்றைக்குச் சாயங்காலம் கபடி நடந்த இடத்துக்கே போனார். இரண்டு குழுவையும் நிறுத்தி, "நான் இதுவரைக்கும் தேச்ச எண்ணெ எல்லாம் தப்பு மக்கா. இனிமே ஐஸ் வைங்க" என்றார். ஆட்டக்காரர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. ஐஸ் கம்பெனியில் சொல்லி, உமியில் புதைத்த ஐஸ் கட்டி ஒன்றைச் சாக்கோடு கொண்டுவந்து மைதானத்து ஓரத்தில் வைத்திருந்தார்.

ஆட்டக்காரர்களில் ஒருவன் முழங்கால் முழுக்கக் கோயில் புற்றுமண்ணைப் பூசிக்கொண்டு நின்றான். கிறிஸ்தவரான அண்ணாச்சி என்ன சொல்வாரோ என்று எல்லாரும் பார்த்தார்கள். "மண்ணு இருக்கட்டும்ல, அழிச்சிராத. அதுக்கு மேல துணியச் சுத்தி ஐஸ வையி. அம்மனும் கோவிக்க மாட்டா, முழங்காலும் கோவிக்காது" என்றார். முருகையா இதை நடித்தே காட்டுவார்.

இனி என் கதைக்கு வருகிறேன். அவர் எனக்கு யார் என்பது அதைச் சொல்லாமல் விளங்காது.

மேலநீலிதநல்லூரில் மானாவாரி நிலம் வைத்திருந்தவர் என் அப்பா. என் ஓட்டத்தில் அவருக்கு ரகசியமான பெருமை. மாவட்டப் போட்டியில் ஜெயித்து மாநிலத் தேர்வுக்குப் போக இருந்த சமயத்தில் என் வலது பின்தொடையில் தசை கிழிந்தது. அப்பா என்னை அண்ணாச்சியிடம் கூட்டிக்கொண்டு போனார்.

ஒரு பெண்பிள்ளையின் தொடையை வேற்று ஆண் தொட்டு வைத்தியம் பார்ப்பதை எங்கள் ஊரில் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அண்ணாச்சி அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். அறைக்கு நடுவே ஒரு திரைச்சீலை. திரைக்கு இந்தப் பக்கம் அவர் மனைவி எஸ்தர் அக்கா. அந்தப் பக்கம் ஸ்டூலில் அவர். அக்காவின் கை என் காலில் இருக்கும். அவர் குரல் மட்டும் வரும்.

"என்ன தட்டுப்படுது?"

"கயிறு முடிச்சு மாதிரி ஒண்ணு இருக்கு."

"அதுக்குக் கீழ?"

"கீழ மெத்துன்னு இருக்கு. தொட்டா பிள்ள துள்ளுதா."

"முடிச்சுக்கு வெளிப்பக்கமா அழுத்து."

"நீங்க சொல்லுத எடத்துல இல்ல. இங்கன, உள்பக்கம் இருக்கு."

"அப்ப அங்கனயே பிடி. கை உனக்குத்தான இருக்கு" என்பார். அக்கா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டுவார். வலியிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிடும். இருபது வருடம் ஒரு கட்டிலில் படுத்து எழுந்த தம்பதிகள் பலர் ஒருவரை ஒருவர் இவ்வளவு கவனமாகக் கேட்டு நான் பார்த்ததில்லை.

கடைசியில் திரைக்கு அப்பாலிருந்து தீர்ப்பு வந்தது. "அசையாமப் படுக்கணும். கால கீழ ஊனக் கூடாது. தசை தானா ஒட்டிக்கிடும்."

அப்பா அதை அட்சரம் பிசகாமல் நிறைவேற்றினார். நடுவீட்டில் கட்டில் போட்டு என்னைக் கிடத்தினார். ஆடித்தபசுக்கு வீடே சங்கரன்கோவிலுக்குக் கிளம்பிப் போனது. காவலுக்கு நின்ற சித்தியும் நானும் கூரை ஓடுகளை எண்ணிக்கொண்டிருந்தோம். வாரக்கணக்கில் கிடந்து எழுந்தபோது என் வலது கால் இடது காலை விட மெலிந்து போயிருந்தது. முதல் நாள் ஓட்டத்திலேயே அதே இடத்தில் மறுபடி பிடித்தது. தேர்வுக்குப் போகவில்லை. "பிள்ளைக்கு ஓட்டம் ஒத்துக்கிடல" என்று அப்பா உறவினர்களிடம் சொல்லத் தொடங்கினார். நானும் அதை நம்பினேன். ஓடுவதை விட்டேன். மைதானம் இருக்கும் தெருப் பக்கம் போவதைக்கூட விட்டேன். என் உடம்பே என்னைக் கைவிட்டுவிட்டது என்ற நினைப்பு எப்படிப்பட்டது என்று ஓடியவர்களுக்குத் தெரியும்.

சில வருடங்கள் கழித்து, எனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த நேரம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அண்ணாச்சியும் அக்காவும் பஸ்ஸை விட்டு இறங்கி எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். கையில் காராச்சேவுப் பொட்டலம். ஏதோ வரன் விஷயம் என்று நினைத்து அம்மா சேலையை மாற்றிக்கொண்டு வந்தார். அண்ணாச்சி தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை.

"கோமதி, உன்னப் படுக்கப் போட்டது தப்பு. மதுரையில இப்பத்தான் படிச்சேன். தசை கிழிஞ்சா ரெண்டு மூணு நாள் ஓய்வு போதும். அப்புறம் மெல்ல மெல்ல நடக்க வைக்கணும். நடந்தாத்தான் நல்லா ஒட்டும். படுக்கப் போட்டதுல உன் காலே வீணாப் போச்சு. நீ அந்தத் தேர்வுக்குப் போயிருக்கலாம்."

அப்பா பதறிப் போனார். "அதெல்லாம் முடிஞ்ச கத அண்ணாச்சி, அத எதுக்கு இப்ப..."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. பெரியவர் என்றும் பார்க்கவில்லை. "இத இப்ப வந்து எதுக்குச் சொல்லுதீங்க? சொன்னா என் ஓட்டம் திரும்பி வருமா?" என்று கத்திவிட்டேன். அம்மா என் கையைப் பிடித்து இழுத்தார்.

அண்ணாச்சி எழுந்து நின்றார். "உனக்கு ஓட்டம் ஒத்துக்கிடலன்னு நீ நெனச்சிட்டு இருப்ப. அது உன் காலோட தப்பு இல்ல மக்கா. என் வைத்தியத்தோட தப்பு. அது உனக்குத் தெரியணும்லா? தெரியாமலே நீ ஒரு வீட்டுக்குப் போயி, உன் பிள்ளைகளையும் ஓடாதீங்கன்னு சொல்லிட்டு இருந்தா?"

நான் அழுதேன். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. எஸ்தர் அக்கா மட்டும் அசையாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "நட, பாப்போம்" என்றார். அவர் வாயிலிருந்து அதைக் கேட்டது அன்றைக்குத்தான் முதல் தடவை. முற்றத்தில் நடந்தேன். "பாத்தியளா? வலது கால ஒதுக்கி ஒதுக்கித்தான் நடக்கா. இத்தன வருசமும் இப்படித்தான் நடந்திருக்கா" என்று கணவரிடம் சொன்னார்.

அதற்குப் பிறகு ஞாயிறு தவறாமல் நான் சங்கரன்கோவிலுக்குப் போனேன். திரைக்கு அந்தப் பக்கம் குரல், இந்தப் பக்கம் கை. நடந்தேன், வேகமாக நடந்தேன், பிறகு ஓடினேன். மாநிலப் போட்டிக்கு வயது தாண்டிவிட்டிருந்தது. அந்த வருத்தம் இன்றும் உண்டு; இல்லை என்று சொன்னால் அண்ணாச்சியே நம்ப மாட்டார். ஆனால் விளையாட்டு ஆசிரியர் பயிற்சிக்கு ஆள் எடுத்தபோது ஓடிக் காட்டச் சொன்னார்கள், ஓடினேன். முதலாவதாக இல்லை, நடுவில்தான் வந்தேன். கோட்டைத் தாண்டியதும் மண்ணில் உட்கார்ந்து கால் இரண்டையும் கட்டிக்கொண்டேன்.

தப்பைச் செய்துவிட்டு மறந்துபோகிறவர்கள் எல்லாத் தொழிலிலும் இருக்கிறார்கள். தான் செய்தது தப்பு என்று தனக்கு மட்டுமே தெரிந்திருக்கும்போது, அதைச் சொல்லப் பஸ் ஏறி வந்தவர் ஒருவரைத்தான் நான் பார்த்திருக்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை சாவு வீட்டுக்குப் போனபோது அண்ணாச்சியைக் கூடத்தில் பெட்டியில் கிடத்தியிருந்தார்கள். வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்தேன். நிமிர்ந்த முதுகுகளாகவே இருந்தன. எஸ்தர் அக்கா பெட்டிக்கு அருகில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை, ஒரு சொட்டுக் காப்பி இறங்கவில்லை என்று பக்கத்தில் இருந்த பெண்கள் சொன்னார்கள். நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்தேன். நாலைந்து நாள் முன்பு பிள்ளைகளோடு பயிற்சியில் கணுக்கால் லேசாகப் பிசகியிருந்தது. பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அக்கா தலையைத் தூக்கினார்.

"ஏட்டி, ஏன் இப்படி நடக்கே? திரும்பிப் போ. அங்கன இருந்து நட, பாப்போம்."

அழுதுகொண்டிருந்த பெண்கள் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். நான் வாசல்வரை போய், அண்ணாச்சியின் கால்மாட்டைச் சுற்றித் திரும்பவும் நடந்து வந்தேன். அக்கா என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். விரல்கள் கணுக்காலைச் சுற்றிப் போயின. கண்ணை மூடிக்கொண்டு, பெட்டி இருந்த பக்கம் முகத்தைத் திருப்பி, "வீக்கம் இல்ல. எலும்பு சரியா இருக்கு" என்றார்.

சொல்லிவிட்டுக் காத்திருந்தார். வழக்கமாக வரும் கேள்வி வரவில்லை. அவர் விரல் என் காலிலேயே நின்றுவிட்டது.

அந்தக் கேள்வி எனக்குத் தெரியும். எத்தனை ஞாயிற்றுக்கிழமை கேட்டிருக்கிறேன். நானே கேட்டேன்.

"அதுக்குக் கீழ என்னக்கா தட்டுப்படுது?"

அக்கா என்னைப் பார்த்தார். கண்ணீர் அப்போதுதான் இறங்கியது. ஆனால் விரல் நகர்ந்தது.

"கீழ ஜவ்வுல லேசா நோவு இருக்கு" என்றார். பிறகு அவரே சொன்னார். "படுத்திராதட்டி. நாளைக்கே நடக்கணும்."

அண்ணாச்சி எனக்கு விட்டுப்போனது அந்தக் கேள்விதான். அதை நான் வைத்துக்கொள்கிறேன். மைதானத்தில் ஒரு பிள்ளை காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், எனக்குத் தெரியும் என்று நினைத்த இடத்தில் நிறுத்தாமல் அதற்குக் கீழும் கேட்பேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அக்காவின் அறைக்குப் போவதாகவும் இருக்கிறேன். பெண்பிள்ளைகள் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். திரைக்கு அந்தப் பக்கம் ஸ்டூல் காலியாக இருக்கிறது. கேட்க ஓர் ஆள் வேண்டும்.