காக்ஸ் டவுனில் நான் அணி மாறியது

அண்டை மாநிலத் தலைநகரில் தமிழர் வாழும் காக்ஸ் டவுனின் தேவாலய அரங்கில், பிரிந்த காதலர் இருவர் நரைத்தபின் சந்திக்கும் பழைய நாடகம் ஒன்றை மீண்டும் மேடையேற்றியிருக்கிறார்கள். முடிவில், மீண்டும் சேர்ந்து வாழக் காதலன் விடுக்கும் அழைப்பை நாயகி மறுத்துவிடுகிறாள். அது சரியா, தவறா என்று வாசலில் தேநீரும் கையுமாகக் கூட்டம் இரண்டுபட்டு நிற்கிறது. வழிப்போக்கன்தான் நான், ஆயினும் பட்டிமன்ற மேடைகள் வளர்த்த நா சும்மா இருக்குமா?

"மறுத்ததே மாண்பு! ஆறிய தேநீரை மீண்டும் காய்ச்சினால் கசப்பே மிஞ்சும்!" என்று முழங்குகிறேன். கைதட்டல் எழுகிறது.

அருகில் நிற்கும், ஆசிரியை போலத் தோன்றும் நரைத்த அம்மையார் ஒருவர் மட்டும் தட்டவில்லை.

"தமிழ்நாட்டுலேர்ந்து வந்தீங்களா தம்பி? நல்லா பேசறீங்க. அந்தக் காதலனா நடிச்சாரே, அவரைத்தான் ஒரு காலத்துல கட்டிக்கறதா இருந்தேன். இப்போ ரெண்டு பேரும் தனிதான். காபி குடிக்க வர்றியான்னு கேக்கறார். நீங்க பேசறதைக் கேட்டா, போக வேணாம்னு தோணுது."

அவர் முகம் வாடிப்போகிறது. எந்த அணியில் நிறுத்தினாலும் பேசப் பயின்றவன் நான். அக்கணமே எதிரணிக்குத் தாவுகிறேன்.

"அம்மா, நாயகி மறுத்தால் அரங்கமே கைதட்டும். தாங்கள் மறுத்தால் யார் தட்டுவார்? இரண்டாவதாக..."

"ஐயோ, மொதல் பாயின்ட்டே போதும்ப்பா! அங்க அவர் வண்டிய ஸ்டார்ட் பண்ணிட்டார்!"

கோப்பையை என் கையில் திணித்துவிட்டு ஓடுகிறார். இருவரையும் சுமந்துகொண்டு ஸ்கூட்டர் தெருமுனையில் திரும்புகிறது. எந்த அணி வென்றாலும் வெற்றி எனதே. இரண்டிலும் பேசியவன் நான் ஒருவன்தான்.