மாமா மடி தேடிப் படகேறினோம்

என் அன்புப் பிள்ளைகளுக்கும், மாமாவின் ஓராண்டு நினைவு நாளில் கூடியிருக்கும் உறவினர், நண்பர்களுக்கும் வணக்கம். நான் தமிழ்ப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். தெரிந்ததைத் தெரிந்தபடி எழுதுகிறேன்.

உங்கள் அம்மாவின் அண்ணனாகிய மாமா, சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு சந்தில் பிறந்தார். சிறு வயதிலேயே தகப்பனாரை இழந்து, துறைமுகத்தில் மூட்டை தூக்கி, பிறகு அங்கேயே கணக்கெழுதும் கிராணி ஆனார். தங்கையை எனக்குக் கட்டிக்கொடுத்தார். தாம் மணம் செய்துகொள்ளவில்லை. ஃபேரர் பார்க் வட்டாரத்தில் கல்யாணமோ கருமாதியோ, மாமா பேசாமல் நடக்காது. "தலைவரே" என்றுதான் எல்லாரும் அழைப்பார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு கல்யாணங்களில் வாழ்த்திவிட்டு, நேரே ஓர் இரங்கல் கூட்டத்துக்கு வந்தார். நன்றாகத்தான் பேசினார். முடிக்கும்போது பழக்க தோஷத்தில், இறந்தவர் படத்தைப் பார்த்து, "பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க!" என்று வாழ்த்திவிட்டார். பின்வரிசையில் சிரித்தார்கள். கணவரை இழந்த அம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்த மாமா சோற்றைத் தொடவில்லை. "வாய் பாட்டுக்குப் பேசுது மச்சான். நான் எங்க இருக்கேன்னே தெரியல. போய்த் தேடிப் பாக்கணும்" என்றார். அந்த மாதமே வேலையை விட்டுப் புலாவ் உபின் தீவுக்குப் போனார். கல்லுடைக்கும் இடத்தில் காவல் வேலை பார்த்துக்கொண்டு, ஓர் அத்தாப்பு ஓலைக் குடிசையில் தனியே தங்கினார்.

ஊர் சும்மா இருக்குமா? "தலைவருக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சு லா" என்றார்கள்.

மூத்தவளே, அப்போதுதான் உனக்குக் காது குத்த வேண்டி வந்தது. தாய்மாமன் மடியில் வைத்துத்தானே குத்துவார்கள்? நான் போய் அழைத்தேன். "இப்ப வந்தா மறுபடியும் மைக்கைக் கையில குடுத்துருவாங்க மச்சான். கொஞ்ச நாள் விடுங்க" என்று மறுத்துவிட்டார்.

உங்கள் பெரியப்பாவுக்குக் கோபம். "ஓடிப்போன ஆளுக்கு என்ன மரியாத? ஒன்னுவிட்ட மாமன் மடியில வச்சுக் குத்துங்க" என்றார்.

உங்கள் அம்மா அசையவில்லை. "என் அண்ணன் உயிரோட இருக்கப்ப வேற மடி எதுக்கு? இவ காது குத்தாமலே வளரட்டும்!"

எனக்கும் என் அண்ணனுக்கும் பேச்சு நின்றுவிடும் போல் ஆனது. கடைசியில் நான்தான் சொன்னேன்: "அவரு வர மாட்டாரு. நாம போனா என்ன?"

மாமாவுக்குச் சேதி சொல்லி அனுப்பிவிட்டு, சாங்கியில் படகு பிடித்தோம். காது குத்த வந்த பத்தர் பாதி வழியில் வாந்தி எடுத்தார். முணுமுணுத்துக்கொண்டே பெரியப்பாவும் வந்தார். கரையில் மாமா நின்றார். கறுத்து இளைத்திருந்தார், கண் மட்டும் தெளிந்திருந்தது. உன்னை வாங்கி மடியில் இருத்திக்கொண்டார். நீ தீவே அதிரக் கத்தினாய்.

"என்ன தலைவரே, நாலு வார்த்த பேசலையா?" என்று பெரியப்பா சீண்டினார்.

"அதான் மருமக பேசிட்டாளே! அதுக்கு மேல நான் என்னத்தப் பேச?"

பெரியப்பா சிரித்துவிட்டார். அன்று மாமாவுக்கு இலை போட்டுப் பரிமாறியவர் அவர்தான்.

அதன் பிறகு மாமா நம் வீட்டுக்கு வந்து போனார். மேடை மட்டும் ஏறவில்லை. துக்க வீட்டுக்குப் போனால் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்வார், அவ்வளவுதான். அவர் ஓடிப்போனவர் அல்லர். தேடப் போனார், கண்டுகொண்டார். இதை நான் எங்கும் துணிந்து சொல்வேன்.

கடைசிக் காய்ச்சலில் அவரைப் படகில் கொண்டுவந்து சேர்த்த மலாய்க்காரப் படகோட்டிக்கும், கஞ்சி வைத்துக் கொடுத்த பக்கத்துக் குடிசைச் சீன அம்மாளுக்கும், மருத்துவமனையில் கண்விழித்துப் பார்த்துக்கொண்ட சொந்தங்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

பிள்ளைகளே, உங்களில் யாருக்காவது ஒருநாள் எல்லாவற்றையும் விட்டுத் தனியே போகத் தோன்றினால், அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போங்கள். தடுக்க மாட்டேன். படகுத்துறை வரை பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவேன்.