செங்கல் ஒத்தடம்

மாயவன் என்ற பெயரைக் கேட்டாலே எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. அதில் பாதி எரிச்சல் என் மேலேயேதான்.

நான் பிசியோதெரபிஸ்ட், பெயர் சந்தியா. கள்ளக்குறிச்சியிலிருந்து ஸ்கூட்டியில் கிளம்பி, வீடு வீடாகப் போய், படுக்கையில் கிடப்பவர்களுக்குக் கை கால் பயிற்சி கொடுப்பது என் அரசாங்க வேலை. வாரத்தில் இரண்டு நாள் கல்வராயன் மலை மேலே, மற்ற நாட்கள் கீழே. சின்னசேலத்திலிருந்து மலையைப் பார்த்துப் போகிற ரோட்டில் மாயவன் வீடு. செவ்வாய்க்கிழமை அவன் முறை.

அவனுக்கு முப்பத்து மூன்று வயது. அம்மா பச்சையம்மாள் கரும்பு வெட்டப் போன ஊர்களில் எல்லாம் வளர்ந்தவன். ஒன்பதாவதோடு படிப்புக்கு முழுக்குப் போட்டுவிட்டு, சின்னசேலத்தில் அன்புச்செல்வன் கடையில் மோட்டார் காயில் கட்டக் கற்றுக்கொண்டான். எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, பழைய கம்பியை உருவிப் போட்டு, புதுக் கம்பியை எண்ணி எண்ணிச் சுற்றி உள்ளே இறக்க வேண்டும். மாயவன் கட்டினால் மறுபடி எரியாது என்று சுத்துப்பட்டு ஊர்களில் பேர். அதற்கேற்ற திமிரும் உண்டு. யாராவது அவசரப்படுத்தினால், "அவசரம்னா வேற எடத்துல கட்டிக்கோ" என்று மோட்டாரைத் திருப்பிக் கொடுத்துவிடுவான்.

போன சித்திரையில் மலையடிவாரத்தில் ஒரு கிணற்று மோட்டாரைப் பார்க்கப் போனான். கிணற்றுக்குள் மோட்டார் வைத்திருந்த பலகை உளுத்துப்போயிருந்தது. அவன் கால் வைத்ததும் முறிந்தது. இருபதடி ஆழம், கீழே தண்ணீர் இல்லை, பாறைதான்.

நாலு பேர் இறங்கி, அவன் அக்குளில் கயிற்றைக் கட்டி மேலே இழுத்தார்கள். இழுத்ததும் உட்கார வைத்து, தலையில் தண்ணீர் ஊற்றி, வாயில் சோடாவைப் புகட்டி, "ஒண்ணும் இல்லடா, எந்திரி" என்று தோளைக் குலுக்கினார்கள். பிறகு குட்டியானை வண்டியில் மடக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார்கள். எல்லோரும் நல்லவர்கள், உதவத்தான் ஓடி வந்தார்கள். முதுகில் அடிபட்டவனை வளைக்காமல், திருப்பாமல், பலகையில் நேராகக் கிடத்தித்தான் தூக்க வேண்டும் என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. விழுந்ததில் எவ்வளவு போனது, தூக்கியதில் எவ்வளவு போனது என்று இனி எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. நினைத்தாலே பல்லைக் கடிக்கத் தோன்றும்.

ஆஸ்பத்திரியில் கொடுத்த காகிதத்தில், தண்டுவடம் முழுவதுமாகச் சேதமடைந்துவிட்டது, தொப்புளுக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்வும் இல்லை என்று எழுதியிருந்தது. எல்லாம் இங்கிலீஷில். வாயால் அவர்களிடம் சொன்னது, "பிசியோ செய்யுங்க" என்ற ஒரு வார்த்தைதான். பிசியோ செய்தால் நடப்பான் என்று வீட்டில் எடுத்துக்கொண்டார்கள். நான் போய் நின்றபோது பச்சையம்மாள் சாமியே நேரில் வந்ததுபோல் கையெடுத்துக் கும்பிட்டாள்.

பார்க்க வருகிறவர்கள் எல்லாம் அவன் கட்டைவிரலைக் கிள்ளி, "தெரியுதா?" என்று கேட்பார்கள். ஒரு நாள் அவன் பொறுக்க முடியாமல், "கிள்ளிக்கினே இரு. தெரிஞ்சா ஆள் வுட்டு சொல்லி அனுப்பறேன்" என்றான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனும் சிரித்தான். விழுந்த பிறகு அவன் சிரித்து இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்று அவன் மனைவி மணிமொழி சொன்னாள்.

ஆடியில் அன்புச்செல்வன் வந்தார். "மாயவா, கையி ரெண்டும் நல்லாத்தான கீது? கடையில தாழ்வா ஒரு மேஜை போட்டு வெக்கிறேன். தை பொறந்ததும் வா. கடலைக்குத் தண்ணி பாயற நேரம், மோட்டாரா வந்து குமியும்" என்றார். அந்த வாரமே கலெக்டர் ஆபீசில் எழுதிப் போட்டிருந்த சக்கர நாற்காலியும் வந்தது.

அதற்குப் பிறகு பார்க்க வேண்டுமே அவனை! கட்டிலிலிருந்து நாற்காலிக்குக் கையை ஊன்றித் தானே தாவக் கற்றுக்கொண்டான். உணர்வில்லாத இடத்தில் ஒரே அழுத்தம் இருந்தால் தோல் செத்துப் புண்ணாகும் என்பதால், கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை கையை ஊன்றி உடம்பைத் தூக்கிக்கொள்வான். மணிமொழி நாலு மணி நேரத்துக்கு ஒரு தரம் டியூப் வைத்து சிறுநீர் எடுக்கப் பழகிக்கொண்டாள். ஒரு மணி நேரம் உட்கார்ந்தான், பிறகு இரண்டு மணி நேரம். தை மாதம் கடையில் நாலு மணி நேரம் உட்கார வேண்டும், அதுதான் எங்கள் மூன்று பேருக்கும் கணக்கு.

புரட்டாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை. நான் அவன் பாதத்தை மடக்கியபோது முழங்கால் படக்கென்று மேலே துள்ளியது. பச்சையம்மாள் கையிலிருந்த சொம்பைப் போட்டுவிட்டாள்.

"மேடம், காலு வந்துடிச்சா?" என்று மாயவன் கேட்டான்.

எனக்கு அது என்னவென்று தெரியும். தண்டுவடம் அறுந்த இடத்துக்குக் கீழே இருக்கிற நரம்பு சாவதில்லை. மூளையின் உத்தரவும் அதட்டலும் வராததால், தொட்டாலும் மடக்கினாலும் தன்போக்கில் காலை உதறும். அது நடப்பதற்கான அறிகுறியே இல்லை. இவ்வளவுதான் விஷயம். ஆனால் மூன்று முகங்களும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. பச்சையம்மாள் கண்ணில் தண்ணீர். எனக்கு இன்னும் ஐந்து வீடு பாக்கி.

"பாக்கலாம்" என்றேன்.

எங்கள் வேலையில் இருக்கிறவர்கள் தினமும் பத்து தடவை சொல்கிற வார்த்தை. பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை, கிளம்புவதற்கு வசதி.

அடுத்து மூன்று வாரம் என்னை மலை மேலே முகாம் வேலைக்குப் போட்டுவிட்டார்கள். திரும்பி வந்த செவ்வாய்க்கிழமை, சக்கர நாற்காலி வாசலில் கிடந்தது. அதன்மேல் துணி காய்ந்துகொண்டிருந்தது.

"நடக்கப் போறவனுக்கு அது இன்னாத்துக்கு மேடம்?" என்று பச்சையம்மாள் சிரித்தபடி வரவேற்றாள். "காலு இப்ப நல்லா துள்ளுது. நீங்களே வந்து பாருங்க."

உள்ளே போனதும் நாற்றம் மூக்கில் ஏறியது. மாயவன் முகம் காய்ச்சலில் சிவந்திருந்தது, ஆனால் சந்தோஷமாக இருந்தான். போர்வையை விலக்கினேன். குதிகாலில் துணி சுற்றியிருந்தது. பிரித்தால் கறுப்பு. புரட்டிப் பார்த்தால், பின்னால் உட்காருகிற எலும்புக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்கு வெந்து, சீழ் வைத்திருந்தது.

"இன்னாத்த வெச்சீங்க?" என்று கத்தினேன்.

"செங்கல்லுதான் மேடம்" என்றாள் மணிமொழி. "அடுப்புல சுட்டு, துணியில சுத்தி ஒத்தடம் குடுத்தோம். கால்ல ஒண்ணு, இடுப்புக்குக் கீழ ஒண்ணு. வெச்சதும் காலு துள்ளுச்சி. சூடு ஜாஸ்தி ஆனா ஜாஸ்தி துள்ளுச்சி. இவருதான், இன்னும் சூடா வையி, இன்னும் சூடா வையின்னு..."

காலில் நெருப்பை வைத்தால் கால் உதறத்தான் செய்யும். சுடுகிற சேதி தண்டுவடம் வரைக்கும் போய், அங்கேயே திரும்பி, காலை இழுக்கும். அறுந்த இடத்தைத் தாண்டி மூளைக்குப் போகாது, அதனால் அவனுக்கு வலிக்காது. அந்தக் கால் பதினைந்து நாளாகச் சுடுது சுடுது என்று உதறியிருக்கிறது. இவர்கள் கற்பூரம் ஏற்றியிருக்கிறார்கள்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் பச்சையம்மாளைக் கண்டபடி திட்டினேன். "புத்தி இருக்கா உங்களுக்கு?" என்றுகூடக் கேட்டேன். மகனைக் குழந்தையில் எப்படிப் பார்த்தாளோ அப்படித்தான் இப்போதும் பார்த்திருக்கிறாள். அடிபட்ட இடத்துக்கு ஒத்தடம் கொடுக்காத தாய் எந்த ஊரில் இருக்கிறாள்? திட்டி முடித்து ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டபோது, அந்த "பாக்கலாம்" ஞாபகத்துக்கு வந்தது.

ஆஸ்பத்திரியில் வெந்த சதையை வெட்டி எடுத்தார்கள், தோல் வைத்துத் தைத்தார்கள். புண் ஆறும் வரைக்கும் உட்காரவே கூடாது, குப்புறத்தான் படுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். எத்தனை மாதம் என்று அவர்களுக்கே தெரியவில்லை. அவனை வீட்டுக்கு அனுப்பிய வாரம் தை பிறந்தது. கடலைக்குத் தண்ணீர் பாயத் தொடங்கியது. அன்புச்செல்வன் பொங்கலுக்கு மறுநாள் வந்து, கட்டிலருகே நின்று, வேலை குவிந்து கிடப்பதால் வேறு ஆளைச் சேர்த்துக்கொண்டதாகத் தரையைப் பார்த்துச் சொன்னார். மாயவன், "சரிண்ணே" என்றான்.

அடுத்த நாள் நான் போனேன். அவன் குப்புறப் படுத்து, முகத்தை என் பக்கம் திருப்பி வைத்திருந்தான். அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்விட்சிலிருந்து மோட்டாருக்குப் போகிற லைன் நடுவில் அறுந்துவிட்டது, மோட்டார் பக்கத்தில் எங்கேயோ உரசினால் அது தானாக உதறுகிறது, ஸ்விட்சைப் போட்டு அது ஓடவில்லை என்றேன். அவன் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"அப்ப அந்த லைனு சேராது."

"சேராது."

"இத சொல்றதுக்கு ஒங்களுக்கு எவ்ளோ நேரம் ஆச்சி மேடம்? ரெண்டு நிமிஷம்?"

"ஆமாம்."

"புரட்டாசியில அந்த ரெண்டு நிமிஷம் இல்லியா ஒங்களுக்கு?"

அந்த நேரம் பார்த்து அவன் கால் படக்கென்று துள்ளியது. காலடியில் உட்கார்ந்திருந்த பச்சையம்மாள், பழக்கத்தில், முகம் மலர்ந்து என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அது நடக்கறதுக்கு இல்லம்மா" என்றேன். "அவனுக்கு வலி தெரியாது, இனிமே எப்ப துள்ளினாலும், எங்க புண்ணு இருக்குன்னு தேடிப் பாருங்க."

அவள் கொஞ்ச நேரம் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகப் போர்வையைத் தூக்கி, குனிந்து, தேட ஆரம்பித்தாள்.