முன்னுக்குப் பதின்மூன்று பல்

மோட்டார் சைக்கிள் திருத்துகிறவனிடம் வருகிற எல்லோரும் இரண்டு வரம் கேட்கிறார்கள்: வேகமாகவும் ஓட வேண்டும், பாரத்தையும் இழுக்க வேண்டும். இரண்டையும் சேர்த்துக் கொடுக்க நான் என்ன கடவுளா? செங்கலடிச் சந்தியில் கடை வைத்திருக்கும் எனக்குத் தெரிந்ததெல்லாம் செயின் சுற்றுகிற இரண்டு பல்சக்கரங்கள்தான். எஞ்சினோடு இருக்கும் சின்னது முன்பல், பின்சில்லோடு இருக்கும் பெரியது பின்பல். முன்னுக்கு ஒரு பல்லைக் கூட்டினால் ஓட்டம் கூடும், இழுவை குறையும். குறைத்தால் மறுவளம். இதை நாளுக்குப் பத்துத் தரம் சொல்லித் தொண்டை வறண்டுபோன சக தொழிலாளிகளே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

பறந்ததும் நடந்ததும்

வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்து மாணவர் ஒருவர், பதினான்கு பல் இருந்த இடத்தில் பதினைந்தைப் போடச் சொன்னார். "வேணாம் தம்பி, கச்சான் காத்து எதிர அடிச்சா எஞ்சின் திணறும்" என்றேன். கூட்டாளியின் சைக்கிள் அப்படிப் போட்டு நூறைத் தாண்டுகிறதாம். நூறு என்ற எண்ணுக்கு முன்னால் என் புத்திமதி எம்மாத்திரம்? போட்டுக் கொடுத்தேன்.

ஒரு கிழமைக்குள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்து, பழையதையே மாட்டச் சொன்னார். ஏன் என்று கேட்டேன். வேறு யாராக இருந்தாலும் செயினில் பிழை, கடையில் பிழை என்றிருப்பார்கள். அவர் உள்ளதை உள்ளபடி சொன்னதில் எனக்கு அவரை மிகவும் பிடித்துப்போயிற்று.

"அண்ணன், தனியப் போனாப் பறக்குது. பின்னுக்கு அவ ஏறினா நடக்குது."

இரண்டு தரம் விழுந்தவர்

ரபீக் காக்கா ஏறாவூர்க்காரர்; அண்ணனைக் காக்கா என்பது அங்கத்தைய முஸ்லிம்களின் வழக்கம். சைக்கிளின் பின்னால் புடைவை மூட்டை கட்டிக்கொண்டு, வாவியைக் கடந்து படுவான்கரை ஊர்களில் விற்கிறவர். முழங்காலுக்குக் கீழே இடது கால் செயற்கைக் கால். கியர் மாற்றுவதற்கு நீளமான லீவர் ஒன்றைத் தானே வளைத்து ஒட்டுவித்திருந்தார். அந்த லீவரைப் பார்த்த உடனேயே எனக்கு அவர்மேல் ஒரு மரியாதை.

ஏற்றத்தில் எஞ்சின் நின்று ஒருதரம் விழுந்தும்விட்டேன் என்று வந்தார். "காக்கா, என்ன ஓட்டத்தில போவீங்க?" என்றேன். நாற்பது என்றார். நாற்பதுக்கும் அந்தப் பாரத்துக்கும் இருக்கிற பல்லே போதும் என்று மனக்கணக்குப் போட்டு, கிளட்ச் பிளேட்டை மட்டும் மாற்றி அனுப்பினேன். நான்காம் நாள் திரும்பி வந்தார். இரண்டாம் முறையும் விழுந்து, மூட்டை வாவித் தண்ணீரில் நனைந்திருந்தது. என்மேல் ஒரு சொல் கோபம் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் வெட்கமாக இருந்தது.

"இன்னொருக்கா விழுந்தா பொண்டாட்டி சைக்கிளைப் பூட்டித் திறப்பை மச்சானுக்கிட்டக் குடுத்துருவா, தம்பி. நான் சந்தைக் கடையில குந்திக்கிட்டு ஈ ஓட்ட வேண்டியதுதான்."

இடுப்பளவு தண்ணீர்

மறுநாள் காலை அவரோடு நானும் போனேன். ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றி வாவியைக் கடக்கிற மிதவையை எங்கள் பக்கத்தில் 'பாதை' என்போம். பாதை அக்கரையில் முட்டியதும் ஒரு பலகையைப் போடுவார்கள். அதில் ஏறி, ஈரமண் மேட்டில் நேரே மேலே போக வேண்டும். மற்றவர்கள் எஞ்சினை முறுக்கிக்கொண்டு, காலை ஊன்றி ஊன்றி ஏறினார்கள். காக்காவால் அது ஏலாது. வலது கால் பிரேக்கில் இருக்கும். இடது பக்கம் சாய்ந்தால் மூட்டையின் பாரத்தை அந்தக் கால் தாங்காது. அதிகம் முறுக்கினால் முன்சில்லு தூக்கும், குறைத்து முறுக்கினால் எஞ்சின் அணைந்துபோகும்.

அணைந்தேவிட்டது. பின்னால் பிடித்துக்கொண்டிருந்த நான், சைக்கிள் பின்வாங்கிய வேகத்தில் பலகையிலிருந்து வழுக்கி இடுப்பளவு தண்ணீரில் நின்றேன். பாதைக்காரர்கள் காக்காவைத் தாங்கிக்கொண்டார்கள். அவர் மூட்டையைப் பார்க்கவில்லை, என்னைத்தான் திரும்பிப் பார்த்தார்.

"தம்பி, நீங்க நான் ஓடுற ஓட்டத்தைக் கேட்டீங்க. நான் நிண்டு எழும்புற இடத்தைக் கேக்கவே இல்லையே!"

பனியில் ஒரு பெல்ட்

அன்று பின்னேரமே முன்னுக்குக் குறைத்துப் பதின்மூன்றும், பின்னுக்கு இழுவைக்காகக் கூட்டி நாற்பத்தைந்தும் போட்டு, செயினிலும் கண்ணியைக் கூட்டி அனுப்பினேன். இனி விழுந்தால் திறப்பு போய்விடும் என்பது என் நெஞ்சுக்குள் கிடந்து அரித்தது. ஒரு மாதம் காக்கா வரவில்லை. போன் எடுத்துக் கேட்கவும் எனக்குத் துணிவில்லை.

அந்த நேரத்தில்தான் என் மனைவியின் தம்பி கனடாவிலிருந்து வீடியோவில் வந்தான். பெரியகல்லாற்றில் தோணியோடு வளர்ந்தவன், இப்போது வடக்கே ஒரு விடுதியில் வேலை. உறைந்த ஏரியின்மேல் பனி ஸ்கூட்டரால் விருந்தாளிகளின் சாமான் வண்டியை இழுக்கிறான். வெறுமனே போனால் காற்றாய்ப் போகிறதாம், வண்டியைக் கொழுவினால் எஞ்சினிலிருந்து சுற்றுகிற பெல்ட் கருகி மணக்கிறதாம். பெல்ட்டுக்கு அடுத்த செயின்பெட்டியைத் திறந்து காட்டினான். அங்கேயும் மேலே சின்னது, கீழே பெரியது, அதே இரண்டு பல்சக்கரங்கள்!

பனியை நான் ஐஸ்பெட்டிக்குள் மட்டும்தான் கண்டிருக்கிறேன். ஆனால் இந்த முறை ஓட்டத்தைக் கேட்கவில்லை. "எங்கடா நிப்பாட்டுவாய்?" என்று கேட்டேன். கரை ஏறுகிற மேட்டில், விருந்தாளிகள் படம் எடுக்கிறதற்காக என்றான். மேல் சக்கரத்தில் இரண்டு பல்லைக் குறைக்கச் சொன்னேன். இரண்டு நாள் கழித்துப் பேசினான்.

"அத்தான், சும்மா பூப்போல இழுக்குது. நீங்க பனியே பாத்ததில்லையெண்டு இங்க ஒருத்தருக்கும் நான் சொல்லல்ல."

மேட்டில் நின்றவர்

கடைசியில் காக்கா வந்தார். வாசலில் சைக்கிளைக் கண்டதும் முதலில் திறப்பு யார் கையில் என்றுதான் பார்த்தேன். அவர் விரலில்தான் தொங்கியது. எனக்கு உயிர் வந்தது.

பல் மாற்றிய மறுநாள் அவருடைய மனைவியும் பாதையில் போனாராம், தன் கண்ணால் பார்க்காமல் முடிவு சொல்ல மாட்டேன் என்று. மேட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். காக்கா பலகையைத் தாண்டி, ஏற்றத்தின் நட்டநடுவில், ஒரு கணம் சாயாமல், வேண்டுமென்றே நிறுத்தினார்! பாதையில் இருந்தவர்கள் சத்தம் போட்டார்கள். அவர் பிரேக்கைத் தளர்த்தி, கிளட்சை மெல்ல மெல்ல விட்டார். மூட்டையோடு சைக்கிள் ஆடாமல் அசையாமல் மேலே போய் மனைவிக்குப் பக்கத்தில் நின்றது. திறப்பைப் பற்றி அந்த அம்மா பிறகு வாய் திறக்கவே இல்லையாம். எத்தனையோ எஞ்சினைப் பிரித்துப் பூட்டியிருக்கிறேன், இப்படி ஒரு நெஞ்சுரத்தை நான் கண்டதில்லை.

"ரோட்டில ஓட்டம் குறைஞ்சிருக்குமே, காக்கா?" என்றேன் தயங்கித் தயங்கி.

"ஓம் தம்பி, எல்லாரும் என்னைத் தாண்டித்தான் போறாங்க. போகட்டும். பாதையால இறங்கி ஏத்தத்தில அவங்க தள்ளிக்கிட்டு வரக்குள்ள, நான் மேல நிண்டு பாத்துக்கிட்டு இரிப்பன்."

ஆகவே சக தொழிலாளிகளே, பல்லை எண்ணுவதற்கு முன் ஒருதரம் வாடிக்கையாளரோடு போய் அவர் நிற்கிற இடத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள், நனைந்தால் மாற்றி உடுக்கச் சாரம் ஒன்றையும் மறக்காமல் எடுத்துக்கொண்டு.